கடற்கரைப் பட்டினத்து வைத்தியர்

இலண்டனில் 1836இல் பிறந்த எலிசபெத் கரெற் அண்டர்சன் வளர்ந்தது, இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஓல்ட்பரோ என்னும் சிறு பட்டினத்தில். கூழாங்கற் கடற்கரை, தானிய வியாபாரியான தந்தையின் படகுகள், உடன்பிறந்தோர் நிறைந்த வீடு: இவையே அவரது பிள்ளைப்பருவம்.

வைத்தியராக விரும்பிய மகளைத் தந்தை முதலில் தடுத்தார், பின்னர் உறுதுணையானார். 1865இல் மருந்தாளர் சங்கத்தின் பரீட்சையில் அவர் சித்தியடைந்ததும், சங்கம் விதியை மாற்றி ஏனைய பெண்களுக்குக் கதவடைத்தது.

தாம் நுழைந்தது போதுமென்று அவர் இருக்கவில்லை. 1872இல் பெண்களுக்கான வைத்தியசாலையை நிறுவினார். 1874இல் தொடங்கிய பெண்கள் மருத்துவக் கல்லூரிக்குப் பின்னர் தலைமை தாங்கினார்.

முதுமையில் ஓல்ட்பரோ திரும்பி, 1908இல் இங்கிலாந்தின் முதற் பெண் நகர முதல்வரானார். 1917இல் அங்கேயே காலமானார். இவரைப் போன்றோர் திறந்த கதவாலேதான் நம் கல்லூரிப் பிள்ளைகள் நாமும் வைத்தியரானோம்.