கடிகாரத்துக்கு எதிராக ஒரு பெண்: பெரில் பேர்ட்டனின் வாழ்க்கை

1967 செப்டெம்பர் 17. இங்கிலாந்தின் வடக்கே, யோர்க்சயர் பகுதி வீதிகளில் 12 மணிநேர சைக்கிள் போட்டி நடந்துகொண்டிருந்தது. விதி எளிமையானது. ஒவ்வொருவராகப் புறப்பட வேண்டும், 12 மணிநேரத்தில் யார் அதிக தூரம் போகிறாரோ அவரே வெற்றியாளர். முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றுக்கு மறைவாக ஓட முடியாது.

ஆண்களில் கடைசியாகப் புறப்பட்டவர் மைக் மக்னமாரா. அன்று ஆண்களுக்கான தேசிய சாதனையை முறியடிக்கும் வேகத்தில் அவர் ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு நிமிடம் பின்னால், பெண்கள் பிரிவில் புறப்பட்டவர் பெரில் பேர்ட்டன். 230 மைலுக்கும் அப்பால், மக்னமாராவின் முதுகு பெரிலின் கண்ணுக்குத் தெரிந்தது. எட்டிப் பிடித்தார். கடந்து போகும்போது, சட்டைப் பையிலிருந்த அதிமதுர இனிப்பு ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார். மக்னமாரா அதை வாங்கிக்கொண்டார். பெரில் முன்னால் போய்விட்டார்.

பொழுது முடிந்தபோது மக்னமாரா ஓடிய தூரம் 276.52 மைல். அது ஆண்களுக்கான புதிய சாதனை. பெரில் ஓடியது 277.25 மைல், அதாவது சுமார் 446 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை ஓர் ஆண் தாண்டுவதற்கு 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு பெண் தாண்டுவதற்கு 50 ஆண்டுகள் பிடித்தன.

இந்தச் சாதனையைச் செய்தவருக்கு அனுசரணை நிறுவனம் எதுவும் இருக்கவில்லை. சம்பளம் தரும் அணி இருக்கவில்லை. காற்றுச் சுரங்கத்தில் சோதித்துச் செய்த சைக்கிளும் இல்லை. கீழ்நோக்கி வளைந்த சாதாரண ஹான்டிலும் இரும்புக் குழாய்ச் சட்டமும் கொண்ட சைக்கிள்தான். வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்தது தோட்ட வேலை.

வைத்தியசாலையில் தொடங்கிய கதை

பெரில் 1937 மே 12 இல் லீட்ஸ் நகரின் ஹோல்ற்றன் பகுதியில் பிறந்தார். நமது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைப் போல, அன்றைய இங்கிலாந்தில் 11 வயதளவில் ஒரு பரீட்சை இருந்தது. பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போவது என்பதை அதுவே தீர்மானித்தது. பெரில் அதில் தேறவில்லை. அந்தத் தோல்வி அவரை வாழ்நாள் முழுவதும் உறுத்தியது.

அதைத் தொடர்ந்து மூட்டுவாதக் காய்ச்சல் வந்தது. மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்தார். உடலின் ஒரு பகுதி இயங்காமல் போனது, பேச்சும் சிரமப்பட்டது. பிறகு வீட்டிலிருந்து தொலைவில், சவுத்போர்ட் கடற்கரை நகரின் பராமரிப்பு இல்லம் ஒன்றில் ஓராண்டுக்கு மேல் இருந்தார். இருதயம் பாதிக்கப்பட்டுள்ளது, கடினமான உடற்பயிற்சி கூடாது என்பது வைத்தியர்களின் அறிவுரை.

15 வயதில் பாடசாலையை விட்டு ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அறிமுகமானவர்தான் சார்ளி பேர்ட்டன், ஒரு சைக்கிள் பைத்தியம். 1955 இல் திருமணம் முடித்தார்கள். அடுத்த ஆண்டு மகள் டெனிஸ் பிறந்தார்.

சார்ளியோடு சேர்ந்து மோர்லி சைக்கிள் கழகத்தின் ஞாயிறு ஓட்டங்களுக்குப் போகத் தொடங்கியபோது பெரிலால் மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மேடுகளில் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட வேண்டியிருந்தது. இரண்டாம் ஆண்டில் அவர்களோடு சமமாக ஓடினார். மூன்றாம் ஆண்டில் எல்லோருக்கும் முன்னால் போனார். 1957 இல் 100 மைல் தேசியப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 20, கையில் ஒரு வயதுக் குழந்தை.

ஏழைகளின் பந்தயம்

பெரில் ஓடியது ‘ரைம் ட்றயல்’ எனப்படும் நேரக்கணிப்பு ஓட்டம். கடிகாரம்தான் எதிராளி. கூட்டமாக வீதியில் பந்தயம் ஓடினால் பொலிசார் தடுப்பார்கள் என்ற பயத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக் கழகங்கள் இந்த முறையைக் கண்டுபிடித்தன. வீதியில் வாகனம் குறைந்த விடியற்காலையில், ஒரு நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்பட்டுப் போவார்கள். 10, 25, 50, 100 மைல் என்று தூரத்துக்கு ஓடுவதும் உண்டு, 12, 24 மணிநேரம் என்று நேரத்துக்கு ஓடுவதும் உண்டு.

ஓடியவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர்கள். பந்தயத்துக்கென்று தனியாக இரண்டாவது சைக்கிள் வைத்திருக்க அவர்களில் பலருக்கு வசதியில்லை. அதற்கு ஒரு வழி கண்டார்கள். வேலைக்குப் போகும் சைக்கிளின் முன் அச்சின் இரு பக்கமும் சிறிய தாங்கிகளைப் பூட்டி, மெல்லிய ரயர் போட்ட பந்தயச் சில்லுகள் இரண்டை அதில் கட்டிக்கொள்வார்கள். பந்தய இடம்வரை சாதாரண சில்லில் ஓடிப்போவார்கள். அங்கே சில்லை மாற்றி, மட்கார்டையும் பையையும் கழற்றிவிட்டுப் போட்டியில் ஓடுவார்கள். முடிந்ததும் பழையபடி பூட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். பெற்றோல் இல்லாத காலத்தில் விறகும் நோயாளியும் பாடசாலைப் பிள்ளையும் ஒரே சைக்கிளில் போனதைக் கண்ட நமக்கு இது விளங்கும்.

பெரில் வளர்ந்தது இந்தச் சூழலில். மோர்லியை அண்டிய நிலம் றூபாப் செடிக்குப் பேர்போனது. தண்டைச் சீனியோடு அவித்து உண்ணும் செடி அது. கழகத்தில் அவரோடு ஓடிய ஒருவரின் றூபாப் தோட்டத்தில் பெரில் வேலை செய்தார். குளிரில் மண் கொத்துவதும், பாரமான கிழங்குகளைக் கிளப்பித் தூக்குவதும் ஆண்களே களைத்துப்போகும் வேலை. வேலை முடிந்தபின் பயிற்சி, பயிற்சி முடிந்தபின் வீட்டு வேலை.

சார்ளி தன் போட்டிகளைக் கைவிட்டார். மனைவியின் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவது, சங்கிலி துடைப்பது, ரயர் பார்ப்பது, போட்டிக்குக் கொண்டுசெல்வது, பிள்ளையைப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு பெண் விளையாட்டில் முன்னுக்கு வரவேண்டுமென்று கணவன் தன் விருப்பத்தை ஒதுக்கிவைப்பது அந்தக் காலத்தில் அரிது. இன்றும் அரிதுதான்.

வெற்றிகளும் ஒரு மறுப்பும்

1959 இல் ஓடுபாதைத் துரத்தல் போட்டியில் பெரில் உலகச் சம்பியனானார். 1960, 1962, 1963, 1966 ஆம் ஆண்டுகளிலும் அதே பட்டம். வீதி ஓட்டத்தில் 1960 இலும் 1967 இலும் உலகச் சம்பியன். மொத்தம் ஏழு உலகப் பட்டங்கள். பிரித்தானியாவின் ஆண்டுச் சிறந்த நேரக்கணிப்பு வீராங்கனை என்ற பட்டத்தை 1959 தொடக்கம் 1983 வரை 25 ஆண்டுகள் தொடர்ந்து வைத்திருந்தார்.

25 மைலை ஒரு மணிநேரத்துக்குள் ஓடிய முதல் பெண் அவர். 50 மைலை இரண்டு மணிநேரத்துக்குள்ளும், 1968 இல் 100 மைலை நான்கு மணிநேரத்துக்குள்ளும் ஓடிய முதல் பெண்ணும் அவர்தான். அதே 1968 இல், ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த ‘கிரான் பிறீ தே நாசியோன்’ என்ற பிரெஞ்சு நேரக்கணிப்பு ஓட்டத்தில், ஆண்களுக்கு முன்னதாகப் புறப்பட அவருக்கு அனுமதி கிடைத்தது. சராசரியாக மணிக்கு 41 கிலோமீற்றருக்கும் கூடுதலான வேகத்தில் ஓடி முடித்தார்.

யாழ்ப்பாணத்தில் நம் அப்பாமார் பெருமையாக ஓடிய ‘றலி’ சைக்கிளை நினைவிருக்கலாம். அந்த நிறுவனம் பெரிலைத் தொழில்முறை வீராங்கனையாக்க முன்வந்தது. அவர் மறுத்துவிட்டார். அன்றைய விதிப்படி தொழில்முறைக்குப் போனால் கழகப் போட்டிகளும் அவரது பட்டங்களும் கைவிட்டுப் போகும். பெண்களுக்கென்று தொழில்முறைப் பந்தயங்களும் இருக்கவில்லை. தோட்ட வேலையிலேயே நின்றார்.

சைக்கிள் எவ்வளவு? ஆள் எவ்வளவு?

நேரக்கணிப்பு ஓட்டத்துக்கோ மூவகைப் போட்டிக்கோ முதன்முதலாகச் சைக்கிள் வாங்க நினைக்கும் இளையவர்கள், விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு ஆசையை விட்டுவிடுவதுண்டு. அவர்களுக்குப் பெரிலின் வாழ்க்கையில் உருப்படியான விடை இருக்கிறது.

சமதரையில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது, நம் பலத்தின் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதற்கே செலவாகிறது. அந்தக் காற்றுத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டுபவரின் உடலால் வருவது. சைக்கிளின் பங்கு மிஞ்சிய கால்தான். ஆகவே, முதுகைத் தாழ்த்தி, முழங்கைகளை ஒடுக்கி, அந்த நிலையிலேயே மணிக்கணக்கில் மிதிக்கப் பழகியவர் சாதாரண சைக்கிளிலும் வேகமாகப் போவார். பழகாதவருக்கு விலையுயர்ந்த சைக்கிளும் உதவாது.

அதனால் பணம் குறைந்தவர் செலவு செய்ய வேண்டிய ஒழுங்கு வேறு. முதலாவது, உடல் அளவுக்குப் பொருந்தும் சட்டம். பெடல் கீழே வரும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும்படி இருக்கையை உயர்த்த முடிய வேண்டும். அளவு பிழைத்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

நேரக்கணிப்புக்கென்றே செய்த சைக்கிளை ஒருவர் தனது ஒரே சைக்கிளாக வாங்குவதும் நல்லதல்ல. கைகளை முன்னால் நீட்டியிருக்கும்போது பிறேக் எட்டாது, நெரிசல் வீதியில் திருப்புவதும் கடினம். நல்ல நிலையிலுள்ள பழைய பந்தய சைக்கிள் ஒன்றை வாங்கி, ஹான்டிலில் பூட்டும் நீட்டுத் தாங்கிகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 1989 இல் கிரெக் லெமொண்ட் பிரான்ஸ் சுற்றோட்டத்தை வெறும் 8 செக்கன்களால் வென்றபோது உலகப் புகழ் பெற்றவை அந்தத் தாங்கிகள். கூட்டமாக ஓடும் வீதிப் பந்தயங்களில் மட்டும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

அடுத்து நல்ல ரயர், உடலோடு ஒட்டிய சட்டை. காற்றில் படபடக்கும் சட்டை நேரத்தைத் தின்னும். விலையுயர்ந்த சில்லும் சட்டமும் கடைசியில்தான். பழைய சைக்கிள் வாங்கும்போது பொருத்துகளில் வெடிப்பு, முன் கவையில் வளைவு, சங்கிலியின் தேய்வு, ரிம்மில் பிறேக் அரித்த பள்ளம் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மூவகைப் போட்டிக்காரர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சைக்கிளால் இறங்கியதும் ஓடவேண்டும். இடுப்பை நோகடிக்கும் அளவுக்குத் தாழ்ந்த நிலை அவருக்கு இலாபமில்லை.

வெற்றியின் மறுபக்கம்

பெரிலின் வாழ்க்கையை வெறும் வெற்றிக் கதையாகச் சொல்வது நியாயமில்லை. தோற்கத் தெரியாத மனம் அவருடையது. 1976 தேசிய வீதிச் சம்பியன் போட்டியின் இறுதி விரைவோட்டத்தில் மகள் டெனிஸ் தாயை முந்தி வென்றார். பரிசு மேடையில் தாய் மகளுக்குக் கைகொடுக்கவில்லை. போட்டியில் மகள் தன் பங்கு உழைப்பைச் செய்யவில்லை என்பது தாயின் கோபம். பிற்பாடு அதைத் தன் நூலில் அவரே விளக்க முயன்றார். இருவரும் 1982 இல் ஒரே இரட்டைச் சைக்கிளில் ஏறி 10 மைல் தேசிய சாதனை படைத்தார்கள். கோபம் எவ்வளவு இருந்தாலும் வீடு உடையவில்லை.

உடலையும் அவர் ஓயவிடவில்லை. பட்டங்கள் நின்றபிறகும், இளையவர்கள் தன்னைத் தாண்டிப் போனபிறகும் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். சிறுவயதில் காய்ச்சல் தொட்ட இருதயம் அது.

1996 மே 5 இல், தன் 59ஆவது பிறந்தநாள் விருந்துக்கான அழைப்பிதழ்களைக் கொடுக்கச் சைக்கிளில் புறப்பட்டார். வழியில் இருதயம் நின்றது. பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

ஒலிம்பிக்கில் பெண்களுக்கு வீதி சைக்கிள் ஓட்டம் சேர்க்கப்பட்டது 1984 இல். அப்போது அவருக்கு வயது 47. அவருக்கே உரிய நேரக்கணிப்பு ஓட்டம் ஒலிம்பிக்குக்கு வந்தது 1996 கோடையில், அவர் இறந்து சில மாதங்களுக்குள். உலகின் மிகப்பெரிய மேடை அவருக்குக் கடைசிவரை திறக்கவில்லை.

மேடை திறக்கட்டும் என்று அவர் காத்திருக்கவும் இல்லை. நோய்க்குப்பின் மிஞ்சிய உடல், தோட்டக் கூலி, கணவன் துடைத்துப் பூட்டிக் கொடுத்த சைக்கிள். இவற்றோடு விடியற்காலையில் வீதிக்கு வந்தார். மோர்லியில் இன்று அவர் பெயரில் ஒரு சிறு பூந்தோட்டம் இருக்கிறது.

வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய சைக்கிள் ஒன்று சாத்திக் கிடந்தால், அதன் ரயருக்குக் காற்றடித்துப் பாருங்கள். ஒரு நேரான வீதியும் ஒரு கைக்கடிகாரமும் இருந்தால் முதல் போட்டிக்குப் போதும்.