சாமிக்கண்ணு வின்சென்ட்

விளாத்திகுளம் போன்ற கரிசற்பூமிச் சிற்றூர்களில், கூடாரக் கொட்டகையின் மணல்மீது அமர்ந்து சினிமாப் படம் கண்டு வியந்தோர் பலர். அத்தகைய கூடாரத்தை முன்னாளில் ஊர்தோறும் கொண்டு திரிந்தவரும், பின்னர்த் திரைப்படத்திற்கு நிலையான சுவரும் கூரையும் அமைத்தவருமாகிய சாமிக்கண்ணு வின்சென்டை அறிந்தோரோ மிகச் சிலர்.

இவர் 1883-ஆம் ஆண்டு கோயம்புத்தூரிற் பிறந்தார். திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரெயில்வேயில் மாதம் ஏறக்குறைய 25 ரூபாய் சம்பளத்தில் வரைபட வேலை பார்த்துவந்தார். 1905-ஆம் ஆண்டில், ஊர்ஊராகப் படம் காட்டிவந்த டூபாண் என்னும் பிரெஞ்சுக்காரர் அந்நகரில் நோயுற்றார். தம் கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப விரும்பினார். விலை 2,250 ரூபாய். அஃது இவருக்கு ஏழரை ஆண்டுச் சம்பளம். கையிலுள்ள உத்தியோகத்தை விடுத்து, முன்பின் அறியாத ஒரு தொழிலை நம்புவதா என்று எவரும் தயங்குவர். இவரோ பணந்திரட்டி அவற்றை வாங்கினார், வேலையையும் துறந்தார்.

அவற்றுள் இயேசுநாதர் சரிதப் படமும் ஒன்று. அக்காலத்துப் படங்கள் பேசா. ஆதலின் திரையருகே ஒருவர் நின்று கதையை எடுத்துரைப்பது வழக்கம். பெஷாவர், லாகூர், ரங்கூன் முதலிய தொலைநகரங்கட்கும் இவர் கூடாரத்துடன் சென்றார். ஆயினும் துணிக்கூடாரம் காற்றுக்கும் மழைக்கும் அஞ்சும். பகலொளி புகுதலால் இரவில் மட்டுமே பயன்படும். எளிதில் தீப்பற்றும் அந்நாளைப் படச்சுருளைத் துணியருகே வைத்திருப்பதும் அபாயமே.

இக்குறைகளுக்கெல்லாம் விடையாக 1914-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் எழுந்தது வெரைட்டி ஹால். தென்னிந்தியாவின் முதல் நிலையான சினிமாக் கொட்டகை என்று அது போற்றப்படுகிறது. பின்னாளில் அது டிலைட் எனப் பெயர் பெற்றது. அரங்கிற்கென இவர் தாமே மின்சாரம் உண்டாக்கினார். அம்மின்சாரத்தைக்கொண்டு மாவு ஆலையும் அச்சுக்கூடமும் நடத்தினார். அத்தெரு இன்றும் வெரைட்டி ஹால் சாலை என்றே வழங்குகிறது.

படங்கள் பேசத் தொடங்கியபின், 1933-இல் கல்கத்தாவில் தயாரான வள்ளி திருமணம் என்னும் படத்திற்குப் பொருளுதவி அது வெற்றியுறக் கண்டார். 1942-ஆம் ஆண்டு மறைந்தார்.

மாணவ நண்பர்களே! பழைய கொட்டகைகள் இடிந்தும் உருமாறியும் போகின்றன. அவற்றைக் காணுந்தோறும், செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் முன்பே ஒரு சிறு உத்தியோகஸ்தரின் துணிவு அங்கே அடிக்கல்லாக இடப்பட்டது என்பதை எண்ணுவோமாக. பாதுகாப்பான சம்பளம் ஒரு குடும்பத்தைக் காக்கும். ஆராய்ந்து கொண்ட துணிவோ ஒரு நாட்டிற்கே புதியதொரு கலையை அளிக்கும்.