காப்பியை அழித்த துரு நோய்: காற்றில் நோயைத் தேடிய மார்ஷல் வார்டு

இலையில் புள்ளி தெரிந்த பிறகுதான் நாம் மருந்துக் கடைக்குப் போகிறோம். ஆனால் நோய் அதற்குப் பல நாள்கள் முன்பே வயலுக்குள் வந்திருக்கும். இதை ஒரு நாட்டின் காப்பித் தோட்டங்களே அழிந்துகொண்டிருந்த நேரத்தில் கண்டுபிடித்துச் சொன்னவர் ஹாரி மார்ஷல் வார்டு. இன்று மரபணுச் சோதனை மூலம் பயிர் நோயைக் கண்டறிந்து அளக்கிறார்கள் அல்லவா? அதற்கு அடிப்படையான எண்ணம் அவருடைய வேலையிலேயே இருக்கிறது.

இலங்கைக்கு வந்த இளைஞர்

வார்டு 1854-ல் இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியல் படித்தார். அப்போது இலங்கை மலைகளில் காப்பிதான் முக்கியப் பயிர். தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள்.

1869-ல் அங்கே காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் துருப் போன்ற தூள் தென்பட்டது. இலைகள் உதிர்ந்தன. ஆண்டுக்கு ஆண்டு மகசூல் இறங்கியது. மண் சத்து குறைந்ததே காரணம் என்றார்கள் சிலர். மழையைக் குறை சொன்னார்கள் சிலர். உரம் போட்டும் தோட்டம் தேறவில்லை. இதை ஆராய அரசு 1880-ல் வார்டை அனுப்பியது. அப்போது அவருக்கு வயது 25. பேராதனை தாவரவியல் தோட்டத்தில் தங்கி இரண்டு ஆண்டுகள் வேலை செய்தார்.

கிளிசரின் தடவிய கண்ணாடி

கண்ணாடித் துண்டுகளில் பிசுபிசுப்பான கிளிசரினைத் தடவித் தோட்டத்தில் வைத்தார் வார்டு. பிறகு அவற்றை நுண்ணோக்கியில் பார்த்தார். துருப் பூசணத்தின் வித்துகள் அவற்றில் ஒட்டியிருந்தன. நோய் காற்றில்தான் பரவுகிறது என்பது உறுதியானது.

வித்து இலையில் விழுந்து, ஈரம் கிடைத்ததும் முளைக்கிறது. இலைத்துளை வழியாக உள்ளே நுழைகிறது. அதன்பின் சில வாரங்கள் கழித்தே மஞ்சள் புள்ளி வெளியே தெரிகிறது. இவற்றையும் அவர் படிப்படியாகக் காட்டினார். பூசணம் இலைக்குள் போய்விட்டால் மேலே தூவும் மருந்து எட்டாது. வித்து முளைக்கும் முன்பே தடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன முக்கியப் பாடம். மலை மலையாக ஒரே பயிரை வைத்ததும் நோய்க்கு வசதியாகிவிட்டது என்று எச்சரித்தார்.

ஆனால் காலம் கடந்துவிட்டது. 1882-ல் அவர் ஊர் திரும்பினார். அடுத்த சில ஆண்டுகளில் இலங்கைக் காப்பி வீழ்ந்தது. அந்த மலைகளில் தேயிலை ஏறியது. கடனில் மூழ்கிய தோட்டங்களில் கூலி கிடைக்காமல் திண்டாடியவர்கள் நம் மக்கள்.

வார்டு பின்னர் 1895-ல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியர் ஆனார். கடைசி ஆண்டுகளிலும் புல் வகைகளைத் தாக்கும் துரு நோயையே ஆராய்ந்தார். 1906-ல், 52 வயதில் காலமானார்.

கண்ணாடிக்குப் பதில் பி.சி.ஆர்.

நுண்ணோக்கியில் பல வித்துகள் ஒன்றுபோலத் தெரியும். எண்ணவும் நேரமாகும். அந்தக் குறையைத் தீர்த்தது பி.சி.ஆர். முறை. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்துச் செய்தார்களே, அதே சோதனைதான். ஒவ்வொரு நோய்க்கிருமிக்கும் தனி அடையாளமான மரபணுத் துண்டு உண்டு. சோதனை அந்தத் துண்டை மட்டும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும். ஒன்று 10 சுற்றில் சுமார் ஆயிரமாகும். 20 சுற்றில் பத்து லட்சம். 30 சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். குறைந்த சுற்றிலேயே கருவி காட்டினால் கிருமி அதிகம். அதிகச் சுற்று தேவைப்பட்டால் கிருமி குறைவு. இப்படித்தான் நோய் இருக்கிறதா என்பதோடு எவ்வளவு இருக்கிறது என்பதையும் அளக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத் திராட்சைத் தோட்டங்களில் காற்றில் வரும் சாம்பல் நோய் வித்துகளைப் பிடித்து, மரபணுச் சோதனை செய்து, வித்து வந்தது தெரிந்த பிறகு மருந்தடிக்கத் தொடங்கும் முறையைச் சோதித்திருக்கிறார்கள். வார்டின் கண்ணாடித் துண்டு செய்த வேலையின் அடுத்த படி இது.

நாம் கவனிக்க வேண்டியவை

* ஆய்வகத்துக்கு மாதிரி எடுக்கும்போது முழுவதும் காய்ந்த இலை வேண்டாம். பச்சையும் நோயும் சேரும் ஓரப் பகுதி உள்ள இலையை எடுங்கள்.
* மருந்து அடிக்கும் முன்பே மாதிரி எடுங்கள். செத்த கிருமியின் மரபணுவும் சோதனையில் தெரியக்கூடும்.
* ஈரமில்லாமல் காகித உறையில் வைத்து, பயிர், ரகம், தேதி எழுதி, கூடிய சீக்கிரம் ஒப்படையுங்கள்.
* திசு வளர்ப்பு வாழைக் கன்று வாங்கும்போது வைரஸ் பரிசோதனைச் சான்று கேளுங்கள். கன்றில் வைரஸ் இருந்தால் நட்ட பிறகு எந்த மருந்தும் குணப்படுத்தாது.

இலங்கைக் காப்பிக்கு நோயின் காரணம் தெரிந்தபோது தோட்டம் கைவிட்டுப் போயிருந்தது. நமக்கு முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. புள்ளி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம்.