கேட்டதை மறவாதவர்

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாத ஐயர் 1855ஆம் ஆண்டு, கும்பகோணம் அருகே சூரியமூலையில் பிறந்தார். 1871ஆம் ஆண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அக்காலத்தில் அச்சு நூல்கள் அரிதாகவே கிடைத்தன. எனவே, ஆசிரியர் சொல்வதைக் கேட்டு மனத்தில் பதிப்பதே கல்வியாக இருந்தது.

சாமிநாதர் கேட்பதோடு நின்றுவிடவில்லை. ஆசிரியர் செய்யுள்களைச் சொல்லச் சொல்ல, அவற்றை ஓலைச்சுவடியில் எழுதினார். 1876ஆம் ஆண்டில் ஆசிரியர் காலமானார். இனி ஐயம் கேட்க அவர் இல்லை. எனினும், கேட்ட பாடங்கள் மாணவர் நெஞ்சில் வாழ்ந்தன. திருவாவடுதுறை மடத்தில் அவற்றைப் பிறருக்குக் கற்பித்தார். 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு, தம் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். கேட்டதை எழுதி, பிறருக்கும் எடுத்துச் சொன்னால் பாடம் மறக்காது என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.