முத்துச் சிப்பியைப் பயின்ற மருத்துவர்

வனவுயிர்ப் பேணுகை இன்று பல்கலைக்கழகப் பாடம். அப்பாடம் பிறக்குமுன்னரே அவ்வழியிற் சென்றவராக எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட்டை நான் கருதுகிறேன்.

1819இல் இலங்கையிற் பிறந்த அவர், எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றுப் படை மருத்துவரானார். 1852இல் இலங்கை விலங்குகளைத் தொகுத்து நூலாக்கினார். மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு பலகாலும் பொய்த்தமையால், சிப்பியின் இயல்பை ஆராயும் பணி அவரை அடைந்தது. திருகோணமலையில் உயிர்ச்சிப்பிகளை வைத்து நோக்கினார். பாறையைப் பற்றும் இழைகளை விடுத்துச் சிப்பி இடம்பெயரும், புதிய இழைகளால் மீண்டும் பற்றும் எனக் கண்டார். ஆதலின் சிப்பிகளைப் பெயர்த்துப் புதிய இடங்களிற் குடியேற்றலாம் என நம்பினார்.

1860இல், 40 வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலில் மறைந்தார். முத்தை எண்ணுமுன் சிப்பியின் வாழ்வை அறியவேண்டும் என்பதே, மாணவர்க்கு அவர் வாழ்விலிருந்து நான் எடுத்துரைக்கும் பாடம்.