நாற்காலி தந்தனர், சாவி தரவில்லை!

1864-ஆம் ஆண்டு, ஜூன் திங்கள் 29-ஆம் நாள். இங்கிலாந்து நாட்டுக் காண்டர்பரி பேராலயம். அன்று அங்கே பேராயர்களாக — பிஷப் என்கிறோமே, அந்தப் பதவிக்கு — உயர்த்தப்பட்டவர் மூவர். இருவர் வெள்ளையர். மூன்றாமவர் கருநிற மேனியர். ஒரு காலத்தில் விலைபேசி விற்கப்பட்ட அடிமை! சாமுவேல் அஜாயி கிரௌதர் என்பது அவர் பெயர்.

கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கை இங்கே நாம் எடுக்கவில்லை, தோழர்களே! நம் கவலை நாற்காலியைப் பற்றியது. உலகெங்கும் கிளை பரப்பி வந்த ஆங்கிலிக்கன் திருச்சபை, தன் தலைவர்களை எப்படிப் பொறுக்கி எடுத்தது? எவருடைய கை சுட்டிக்காட்டிற்று? சுட்டிய கை பிறகு விலகிற்றா, கழுத்திலேயே தங்கிற்றா? கிரௌதரின் வாழ்வைப் புரட்டுவோம்.

இன்றைய நைஜீரியாவிலே, யொருபா மக்கள் வாழும் பகுதியில் ஓசோகுன் என்றோர் ஊர். 1821-ல் அடிமை பிடிப்போர் அதை வளைத்தனர். வீடுகள் எரிந்தன. 12 வயதை ஒட்டிய சிறுவன் அஜாயி, தாயோடும் உடன்பிறந்தாரோடும் கயிற்றில் பிணைக்கப்பட்டான். பிறகு தாய் ஒரு திக்கு, மகன் ஒரு திக்கு! ஒருமுறை அவனுக்கு மதிக்கப்பட்ட விலை, ஒரு குதிரை. கைமாறிக் கைமாறிக் கடற்கரை வந்தான். போர்ச்சுகீசியக் கப்பலில் அடைபட்டான். 1822 ஏப்ரலில் பிரிட்டிஷ் கடற்படை அக்கப்பலை மடக்கிற்று. சியரா லியோனில் கரையேறினான். மடக்கிய கப்பலின் தலைவர் ஹென்றி லீக், 42 ஆண்டுகளுக்குப் பின்னர் காண்டர்பரியிலே அமர்ந்து, தாம் மீட்ட பையன் பேராயராவதைக் கண்ணாரக் கண்டார். நாடகத்தில் எழுதினால் நம்பமாட்டோம், நடந்தது!

படித்தான் — இல்லை, இனிப் படித்தார் என்போம். 1827-ல் ஃபோரா பே கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களில் அவர் ஒருவர். 1841-ல் நைஜர் ஆற்றுப் பயணம். உடன் சென்ற வெள்ளையர் பலரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. 1843-ல் இலண்டனில் குருப்பட்டம். அதே ஆண்டு, யொருபா மொழிக்கு அவர் தொகுத்த சொற்பட்டியல் அச்சேறிற்று. பின்னர் பைபிளை அம்மொழியில் பெயர்க்கும் பணிக்கும் அவரே முன்னின்றார். 1846-ல் அபெயோகுட்டா நகரிலே, 25 ஆண்டுகளுக்கு முன் பிரிந்த தாயைக் கண்டார். கட்டிப் பிடித்துக்கொண்டு அவர்கள் நின்ற நிலையை எழுத நம் பேனாவுக்கு வலுவில்லை.

இத்தகையவரைப் பேராயராக்கியவர் யார்? இலண்டன் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென் முனைந்தார். தலைமைப் பேராயர் லாங்லி இசைந்தார். விக்டோரியா அரசியார் உரிமம் வழங்கினார். நைஜர் கரையில் வாழ்ந்த மக்களின் வாக்கு அதில் இல்லை. ஆனாலும் வென் நல்லவர். அந்தந்த நாட்டுச் சபை தன்னைத் தானே ஆளவேண்டும், தன் செலவைத் தானே தாங்கவேண்டும், தானே பரவவேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தக் காலத்து வெள்ளையரில் அப்படி எண்ணியவர் எத்தனை பேர்?

எதிர்ப்புக் கிளம்பிற்று. அபெயோகுட்டாவில் பணிபுரிந்த ஹென்றி டவுன்செண்டு போன்ற வெள்ளைப் போதகர்களுக்குக் கறுப்பரின் கீழ்ப் பணிசெய்ய மனம் வரவில்லை. விளைவு என்ன தெரியுமா? வெள்ளைப் போதகர் இருந்த இடங்களை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் கிரௌதருக்கு எல்லையாக வகுத்தனர்! தாயைக் கண்டெடுத்த அபெயோகுட்டா அவர் ஆட்சிக்குள் இல்லை, லாகோஸும் இல்லை. நிலப்படத்திலே கோடு போட்டது ஆறா, மலையா? தோலின் நிறம்!

ஆலையிலே நம் தோழர் ஒருவரை மேஸ்திரியாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேடு வேறொருவரிடம். கூலிப் பெட்டியின் சாவியும் அங்கே. அவர் மேஸ்திரியா, மேஸ்திரி வேடம் போட்டவரா?

அதுதான் நடந்தது. 1873-ல் வென் மறைந்தார். 1870-களின் முடிவிலே, நைஜர் பணியின் பணப்பொறுப்பும் நீராவிக் கப்பலும் வெள்ளையர் ஒருவர் கைக்குப் போயின. ஆற்றை நம்பி நூற்றுக்கணக்கான மைல் நீளும் திருமண்டலத்தில் கப்பல் இல்லாத பேராயர் என்ன செய்வார்? கிரௌதரின் ஆட்களில் தவறு செய்தவரே இல்லையென்று நாம் வாதாட வரவில்லை, இருந்தனர். கண்டிக்கவும் வேண்டியதுதான். ஆனால் 1890-ல் ஒனிட்சாவில் கூடிய நிதிக்குழுவில் நடந்தது கண்டிப்பு அன்று. இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர்கள் — அவர்களில் புரூக் என்பவருக்கு வயது 25-ஐ ஒட்டி இருக்கும் — ஆப்பிரிக்கப் பணியாளர் பலரை இடைநீக்கம் செய்தனர். பேராயரின் மகன் டாண்டெசனும் தப்பவில்லை. தலைமை இருக்கையில் 80 வயதைக் கடந்த முதியவர். முடிவெடுத்தவர்களோ அவர் பேரப்பிள்ளை வயதினர்! குழுவை விட்டு விலகினார் கிரௌதர். 1891 டிசம்பர் 31-ல் லாகோஸில் கண்மூடினார்.

அவர் இடத்துக்கு வந்தவர், ஜோசப் ஹில் என்ற வெள்ளையர். 1893-ல் அவருடன் ஆப்பிரிக்கர் இருவரும் பேராயராக்கப்பட்டனர். ஆனால் துணைப் பேராயர்கள்! ஒரு திருமண்டலத்தைத் தம் பொறுப்பில் ஆளும் பேராயராக ஆப்பிரிக்கர் ஒருவர் நைஜீரியாவில் வருவதற்கு 1950-கள் ஆயிற்று. டாண்டெசன் சும்மா இருக்கவில்லை. 1892-ல் நைஜர் கழிமுகத்துச் சபைகளைத் திரட்டி, சங்கத்தின் பிடியிலிருந்து வெளியே கொண்டுவந்தார். இந்தியாவில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அமர்த்தப்பட்டது 1912-ல்தான்.

2014 ஜூன் 29-ல், அதே காண்டர்பரியில், அந்நாள் தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி, கிரௌதருக்கு இழைத்த கொடுமைக்குத் திருச்சபையின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 150 ஆண்டு கழித்து! காண்டர்பரித் தலைமைப் பேராயரைப் பரிந்துரைக்கும் குழுவில் இங்கிலாந்துக்கு வெளியே உள்ள உலகத் திருச்சபைகளுக்கு அப்போதும் ஒரே ஓர் இடந்தான். 2022-ல் அதை ஐந்தாக்கினர். குழுவில் வாக்களிப்போர் மொத்தம் 17 பேர்.