பதவியும் தோட்டமும்

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்த அவருடைய தந்தை வீராசாமி, உழைப்பால் ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய சம்பந்தன், 1955இல் ம.இ.கா.வின் தலைவரானார், அமைச்சருமானார்.

அக்காலத்தில் வெள்ளையர் நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றனர். தோட்டம் கைமாறினால் பால்மரம் சீவும் வேலை மட்டுமா போகும்? குடியிருந்த லயத்து வீடும் போய்விடும்.

இன்று அரசு ஊழியர்களுக்கு 1993ஆம் ஆண்டின் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகள் உள்ளன. அன்பளிப்பு பெறுவதையும் வெளிவேலை செய்வதையும் அவை கட்டுப்படுத்துகின்றன. சொத்து விவரத்தையும் அறிவிக்கச் சொல்கின்றன. அவை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் அமைச்சராக இருந்தவர் சம்பந்தன். தோட்டத் தொழிலை அறிந்தவர், கையில் பதவியும் உள்ளவர். நிலம் சேர்க்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

அவரோ, விற்பனைக்கு வரும் தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்க வழி தேடினார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஒரு பங்கு 100 வெள்ளி; முதலில் 10 வெள்ளி கட்டிச் சேரலாம், மீதியைத் தவணையில் செலுத்தலாம். சொற்பக் கூலி பெற்றவர்களுக்கு அந்தப் பத்து வெள்ளியே பெரிய தொகைதான். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று அவர்களிடம் பேசி, உறுப்பினர்களைச் சேர்த்தார்.

1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அவர் காலமானார். தந்தை விட்டுச்சென்ற செல்வத்தில் பெரும்பகுதி அப்போது அவரிடம் இல்லை.